மொட்டை மாடியிலிருந்து எடுத்த படம்

"பேரு வராதுக்கா. நூறு வருஷப் பேப்பர், டெல்லியில ஜட்ஜுங்க படிக்கிறது. சொன்னவங்களை நாங்க காட்டிக் கொடுத்ததே இல்ல" என்றான் ஆங்கிலப் பேப்பர் நிருபர் ஜாய்சன். அதை நம்பித்தான் என் வீட்டுக்காரர் பிரிட்டோ அவனை எங்கள் மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். பீர்க்கன்கரணை ஏரியில் எங்கள் தெருக்காரன் பத்ரியின் லாரிகள் மண் கொட்டுவதை அவன் அங்கிருந்து படம் எடுத்தான்.

சொன்னபடி பெயர் வரவில்லை. ஆனால் முதல் பக்கத்தில் பெரிய படம். பத்ரிக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது, படம் பார்க்கத் தெரியும். ஓரத்தில் எங்கள் தண்ணீர் டேங்கும், கொடியில் என் பச்சை நைட்டியும் பளிச்சென்று இருந்தன. பெரிய பேப்பராம், மூளையை எங்கே அடகு வைத்தார்களோ!

அன்று காலையே பத்ரியும் மூணு ஆட்களும் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். பிரிட்டோ பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, பேப்பர்காரனுக்கு வயி காட்டிக்கினு கீறியா?"

பத்ரி இரும்புக் கம்பியால் வாயிலேயே அடித்தான். பிரஷ்ஷோடு பல்லும் ரத்தமும் தரையில் விழுந்தன. குறுக்கே பாய்ந்த என்னை முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். கீழே கிடந்தவரின் கண்ணில் ஒருத்தன் செருப்புக் காலால் மிதித்தான். நான் அரிவாள்மனையை எடுத்து வீசியதில் பத்ரியின் முழங்கை பிளந்தது. அப்புறம்தான் ஓடினார்கள். இன்னும் ஆழமாக வெட்டாமல் விட்டோமே என்று இப்போதும் ஆத்திரமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு ஜாய்சன் ஓடி வந்தான். "படத்தைப் பார்த்துட்டு கோர்ட்டே தானா கேஸ் எடுத்துடுச்சுக்கா. லாரியெல்லாம் நின்னுடுச்சு."

பளாரென்று அறைந்தேன். கன்னத்தைப் பிடித்தபடி நின்றவன், "இந்தத் தடவை படமே வேணாம். அடிச்சது யாருன்னு தெரியாதுன்னே எழுதிடறேன்" என்றான்.

"போலீசு அப்படித்தான் எழுதிக்கினு போச்சு. பத்ரி பேரை மூணு தபா சொன்னேன், அவங்க காதுலயே வாங்கல. உன் பேப்பரை ஜட்ஜு படிப்பாரு இல்ல? அடிச்சவன் பத்ரி, சொன்னவ கிறிஸ்டினான்னு எழுது. என்னைப் படம் புடி."

தாடையில் கம்பி கட்டியிருந்ததால் பிரிட்டோவால் பேச முடியவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மிச்சமிருந்த ஒரு கண்ணில் அவ்வளவு பயம். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை. ஜாய்சன் அப்படியே எடுத்துவிட்டான்.

மறுநாள் பேப்பர் பார்த்தவர்கள் எல்லோரும், அந்த நிலைமையிலும் மனுஷன் உனக்கு எப்படித் தைரியம் சொல்லிக் கையைப் பிடித்திருக்கிறார் பார் என்றார்கள்.