‘லோ’வின் தலையில் இரண்டு புள்ளி

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஈயிடமிருந்து கிடைத்தது. அது ஈதானா என்பதுதான் கதையே.

சாக்கடல் மேட்டில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய குடியிருப்பு ஒன்றுக்குப் பக்கத்துக் குகையில் கிடைத்த தோல் சுவடித் துண்டு. அரை பிஸ்கட் அளவு. ஜெருசலேம் ஆய்வுக்கூடத்தில் அதைப் படமெடுத்தவன் நான்.

(முதலில் ‘காலம் உறங்கும் குகையில்’ என்று தொடங்கினேன். சுவடிகளில் ஒட்டிய பழைய பசையை எடுக்கும் ஸிவியா படித்துவிட்டுக் கொட்டாவி விட்டாள். அந்த வரி ஒழிந்தது.)

2

துண்டில் இருப்பது ஒரே வரி. கடவுளைப் பற்றியது: கூப்பிட்டேன், பதில் சொல்லவில்லை. எபிரேயத்தில் ‘இல்லை’ வினைக்கு முன்னாலேயே வந்துவிடும். இரண்டே எழுத்து, லோ. என் படத்தில் அந்த இரண்டு எழுத்தின் தலையிலும் ஆளுக்கொரு புள்ளி தெரிந்தது.

தப்பாக எழுதிய சொல்லைச் சுரண்ட மனமில்லாவிட்டால் அக்காலத்து எழுத்தர்கள் அதன்மேல் புள்ளி வைத்துவிடுவார்கள். சொல் இருக்கும், ஆனால் செல்லாது. நம் புள்ளி எழுத்தின் உயிரை எடுக்கும். அவர்களுடையது சொல்லின் உயிரையே எடுத்துவிடும். ஆக, லோ செல்லாது. பதில் சொன்னான்.

சுவடி படிக்கும் நஃப்தலி அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. மனைவி ஹெம்தாவுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்தது. நோயில் படுத்தபிறகும் காலையில் கண் விழித்ததும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போன குளிர்காலத்தில் போய்விட்டாள். இந்த ஞாயிறு முதலாண்டு நினைவு நாள், கல்லறையில் கல் நட வேண்டும். கல்லின் கடைசி வரியாக அவர் நினைத்து வைத்திருந்தது இதைத்தான்: கூப்பிட்டேன், பதில் சொன்னான்.

3

இந்த வரியை எழுதியவனை அடிக்கடி மனதில் பார்க்கிறேன். சுண்ணாம்பு பூசிய மேசை, மதிய வெயில், பேரீச்சம்பழத்துக்கு வந்த ஈ. எழுதிவிட்டுக் கடல் பக்கம் திரும்புகிறான், அப்போது

(வேண்டாம். அவன் முகம் நஃப்தலி முகமாகவே வருகிறது.)

4

முந்தைய தலைமுறை அறிஞர்கள் துண்டுகளைப் பசைநாடா போட்டு ஒட்டிவைத்துவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பசை தோலைத் தின்கிறது. அதை எடுக்கப்போன ஸிவியாவுக்குச் சந்தேகம்: புள்ளி ஈயெச்சம் போல இருக்கிறது. மை என்றால் ஈரப் பஞ்சுக்கு அசையாது, எச்சம் என்றால் வந்துவிடும். ஞாயிறு முடியும்வரை அதில் கை வைக்காதே என்று நஃப்தலி கெஞ்சினார். ஓர் ஈ உங்களை இந்த ஆட்டு ஆட்டுகிறதே என்று அவள் கேலி செய்தாள், ஆனால் பஞ்சைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் அவரே வந்து நின்றார். கல் வெட்டுகிறவன் போனில் காத்திருந்தான்.

“துடைச்சிடு, ஸிவியா.”

“திங்கக்கிழமை பாத்துக்கலாமே. ஹெம்தாவுக்கு அந்த வரி பிடிச்சிருக்கும்.”

“பிடிச்சிருக்கும். அதான் பயமா இருக்கு. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லாதீங்கன்னு காலம்பூரா என்னைத் திட்டினவ. அவ தலைமாட்டுல பொய்யை வச்சிட்டு நான் எங்க போய் நிக்கிறது?”

5

புள்ளி நின்றது என்று ஒரு முடிவு எழுதினேன். நஃப்தலி அழுதார், எனக்கும் அழுகை வந்தது, அதனாலேயே நம்ப முடியவில்லை. பஞ்சோடு வந்துவிட்டது என்று இன்னொன்று. அதில் அவர் ‘பதில் சொல்லவில்லை’ என்றே வெட்டச் சொன்னார். கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் காலையில் கூப்பிட்டவளின் தலைமாட்டில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் கிழிக்க மனமில்லை, மேலே புள்ளி வைத்திருக்கிறேன்.

6

வெயில் மேசைவரை வந்து நிற்கிறது. ஸிவியா புள்ளியைத் துடைத்துவிட்டுப் பஞ்சை எடுத்துப் பார்க்கிறாள். நஃப்தலியைப் பார்த்துத் தலையசைக்கிறாள். எந்தப் பக்கம் என்று நான் சொல்லப்போவதில்லை.

அவர் போனை எடுத்து, வெட்டுகிறவனுக்கு எழுத்து எழுத்தாகச் சொல்கிறார். அவருடைய மொழியில் ‘கூப்பிட்டேன்’ முடிந்ததுமே ‘லோ’ உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். நம் மொழியில் ‘இல்லை’ கடைசியில்தான் வரும், அதுவரை ஹெம்தாவுக்கு நேரம் இருக்கிறது. நான் தமிழில் எழுதிக்கொண்டே வருகிறேன். மிச்சத்தை நீங்கள் வெட்டுங்கள், ஆனால் அவள் தலைமாட்டில் என்பதை மறக்காதீர்கள்:

கூப்பிட்டேன், பதில் சொ