பாஸ்டர் வீட்டு அறைகள்

முதல் ஆலயம் கட்டி முடிந்த அன்று காலை பாஸ்டர் வீட்டில் முன்னறையைக் காணவில்லை. இடியவும் இல்லை, தூசியும் இல்லை. அடுத்த அறையின் கதவு நேரே தெருவில் திறந்தது, அவ்வளவுதான். பால்காரர் கொஞ்சம் கூடுதலாக நடந்து வந்து பால் ஊற்றிவிட்டுப் போனார்.

பாஸ்டர் முன்பு லாரிகளுக்குப் பெயின்ட் அடித்தவர். ஏணியிலிருந்து விழுந்து பிழைத்ததும், ஆலயம் இல்லாத ஊர்களுக்கு ஆலயம் கட்டிக் கொடுப்பதென்று ஊழியம் தொடங்கினார். அதில் ஒரு வழக்கம் உண்டு. அஸ்திவாரத்துக்கு ஆளுக்கொரு செங்கல் சொந்த வீட்டிலிருந்து பெயர்த்து வரவேண்டும். மற்றவர்கள் விவரமானவர்கள். காம்பவுண்டுச் சுவரில் உடைந்ததாகப் பார்த்து எடுத்துவந்து வாயைத் திறக்காமல் வைத்தார்கள். பாஸ்டர் மட்டும் நல்ல கல்லாக ஏந்தி வந்து, "ஆண்டவரே, இது உம்முடைய வீடு, எடுத்துக்கொள்ளும்" என்று கண்ணீரோடு ஜெபித்தார். இந்தக் கல் மட்டும் என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எந்த ஊரிலும் சொல்லவில்லை.

பாஸ்டர் மனைவியின் தம்பி பூட்டு ரிப்பேர்காரர். கதவையும் நம்பமாட்டார், கதவைத் தட்டுகிறவரையும் நம்பமாட்டார். அத்தான் வீட்டை அறை அறையாக விற்றுத் தின்கிறார் என்று அடித்துச் சொன்னார். ஊழியமோ கிடுகிடுவென வளர்ந்தது. மலையடிவாரத்தில் ஆலயம் எழும்பியது, படுக்கையறை போயிற்று. துறைமுகத்துக்குப் பின்னால் ஒன்று எழும்பியது, குளியலறை போயிற்று. அந்த வருஷம் முழுக்க அக்கா பக்கத்து வீட்டில் குளித்தாள். பூட்டுக்காரர் ஒவ்வோர் ஆலயமாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஒன்றில், படுக்கையறையில் அக்கா காலண்டர் மாட்டியிருந்த வளைந்த ஆணி அப்படியே இருந்தது. "அடப்பாவி, ஆணியைக்கூட விட்டுவைக்கலயா!" என்று வயிறெரிந்தார்.

கடைசியில் சமையலறை மட்டும் மிஞ்சியது. ஆற்றுக்கு அக்கரையில் புது ஆலயத்துக்கு அன்றைக்குப் பிரதிஷ்டை. பாஸ்டர் முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார்.

"இதுவும் போச்சுன்னா நடுத்தெருவுலதான் நிப்பே அக்கா. எங்கூட வந்துடு."

"அடுப்புல பால் இருக்குடா. இப்ப எப்படி வர்றது? அவரு பொய் சொல்ற ஆளு இல்ல."

"வாயில விரல வச்சாக்கூட உனக்குக் கடிக்கத் தெரியாது!"

ஆள் உள்ளே இருந்தால் எவன் வாங்குவான் என்று கணக்குப் போட்டு, பூட்டுக்காரர் அக்காவை உள்ளே வைத்தே கதவைப் பூட்டினார். அவரே செய்த பூட்டு, அவரிடம் மட்டுமே சாவி. வெற்றிகரமாக டீ குடிக்கப் போய்த் திரும்பினார். சமையலறை இருந்த மனை பெருக்கிவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது.

ஐயோ, அந்த மனிதர் பட்ட பாடு! வெறும் மண்ணில் மண்டியிட்டு, "அக்கா, அக்கா" என்று கையால் தோண்டினார். போன் அடித்தது. பாஸ்டர்.

"மாப்ளே, ஆலயக் கதவுல உன் பூட்டு தொங்குது. சாவியை எடுத்துட்டு வா. ஜனங்க வெயில்ல நிக்கிறாங்க."

பஸ்ஸில் உட்காராமலே போனார். சாவியைத் தலைகீழாக நுழைத்து, திருப்பி நுழைத்தார். கதவு திறந்தது. சிலுவைக்குக் கீழே அக்கா அடுப்பங்கரையில் நின்று பொங்கிய பாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ நேரம்டா? இத்தனை பேருக்கு டீ போடணும். போய் டம்ளர் வாங்கிட்டு வா."

அவர் அழுதுகொண்டே போய் வாங்கி வந்தார். பாஸ்டரும் அக்காவும் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அடுத்த அஸ்திவாரத்துக்குப் பூட்டுக்காரரும் தன் கடைச் சுவரிலிருந்து ஒரு செங்கல் கொண்டுபோனார். "இந்த ஒரு கல்லு மட்டும்தான், ஆண்டவரே" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி வைத்தார். அந்த ஆலயம் முடிந்த அன்று காலை கடை முழுசாக இருந்தது. நாலு சுவரையும் தட்டிப் பார்த்தார். பின்பக்கம் போய் இன்னொரு தரம் தட்டினார். ஏனோ முகம் வாடிப்போயிற்று. பிறகு ஷட்டரை ஏற்றிவிட்டு வேலையைப் பார்த்தார்.