பத்து மணிக்கு எடுத்துடலாம்

டாக்டர் யமுனாவின் பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டங்களை வாசித்து முடிப்பதற்குள் நமக்கே மூச்சு வாங்கும். நுரையீரல் மருத்துவத்துக்கு ஒன்று, தீவிர சிகிச்சைக்கு ஒன்று. சென்னை, தில்லி, அப்புறம் கடல் தாண்டி இரண்டு வருஷம். படித்துவிட்டு ஊர் திரும்பி, ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தினம் போய்வருகிறாள்.

அன்று காலை ஆஸ்பத்திரி வாசலில் முப்பது பேர் நின்றிருந்தார்கள். நடுவே படியில், பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் பிச்சை தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அமிர்தம் நிமோனியா வந்து ஆறு நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறாள்.

நர்ஸ் ஜெஸ்லின் ஓடி வந்தாள். "மேடம், நேத்து அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"காலைல பத்து மணிக்கு எடுத்துடலாம், சொந்தக்காரங்க யாராவது கூட இருக்கட்டும்னேன்."

"எதை எடுக்கறோம்னு சொன்னீங்களா?"

யமுனாவுக்குச் சுருக்கென்றது. சாவு வீட்டில்தானே அப்படிக் கேட்பார்கள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று! டாக்டர்களுக்குள் பேசும்போது 'டியூப்' என்று சொல்லவே வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டாள். அதைச் சேர்த்துச் சொல்ல எந்தப் பட்டமும் தேவையில்லை, கொஞ்சம் நின்று பேசியிருந்தால் போதும்.

படியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "ஐயா, தப்பு என் மேல. எடுக்கப் போறது அவங்க வாயில வெச்சிருக்கிற டியூபை. தானா மூச்சு விட ஆரம்பிச்சுட்டாங்க, அதனாலதான்."

பிச்சை அவளையே பார்த்தார். "அப்போ... இருக்காளா?"

"இருக்காங்க."

அமிர்தத்தின் அண்ணன் மாதவன் கையிலிருந்த பூமாலைப் பையை அவசரமாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "ஏன் மாப்ளே, எதைன்னு கேக்க மாட்டீங்களா? லால்குடியிலேர்ந்து வேன் பிடிச்சு வந்திருக்கோம்!"

"மச்சான், வாயை மூடுங்க!" என்றார் பிச்சை. சொல்லிக்கொண்டே அழுதார்.

"டியூபை எடுத்தப்புறம் மூச்சு தாங்கணும். தாங்கலைன்னா திரும்ப வைக்க வேண்டியிருக்கும். வேண்டிக்கங்க," என்று எழுந்தாள் யமுனா.

நூற்றுக்கணக்கில் செய்த வேலைதான். ஆனால் இன்று எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தாள். மனைவியைப் பறிகொடுத்துவிட்டதாக நினைத்து ஒருமுறை அழுதவர், ஒரே நாளில் இன்னொரு முறை அழக்கூடாது. ரங்கா, நீ பார்த்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அமிர்தத்தின் கட்டில் மேல் குனிந்து, "இருமுங்கம்மா!" என்றாள்.

டியூப் வெளியே வந்தது. மானிட்டரில் ஆக்சிஜன் எண் எண்பத்தெட்டுக்கு இறங்கியது. ஜெஸ்லின் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். தொண்ணூறு. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றாறில் நின்றது. அரை மணி நேரம் யமுனா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. எண்ணும் நகரவில்லை.

உள்ளே அழைத்ததும் பிச்சை வந்து அமிர்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். அமிர்தம் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நெருக்கியடித்து நின்ற முகங்களைப் பார்த்தாள்.

"அண்ணன், அண்ணி, சின்னம்மா... எதுக்கு எல்லாரும் வந்திருக்காங்க?" குரல் கரகரத்தது.

"உன்னைப் பாக்கத்தான்."

"காபியாவது வாங்கிக் குடுத்தீங்களா?"

யமுனா சிரித்துவிட்டாள். கான்டீனுக்குப் போன் போட்டு, "முப்பது காபி அனுப்புங்க," என்றாள். பிறகு நினைத்துக்கொண்டு, "ஐ.சி.யூ. வாசலுக்கு, அமிர்தம்மாவோட சொந்தக்காரங்களுக்கு," என்று முழுசாகச் சொன்னாள்.