சக்கரம் ஆறும் நேரம்

அந்த வாட்டர் சர்வீஸ் கடையில் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. வண்டியின் உடம்பு அண்ணிக்கு, கால்கள் நாத்தனாரான அவளுக்கு. கூரை, கதவு, கண்ணாடி, சீட்டுக்கு அடியில் கிடக்கும் பிஸ்கட் தூள் எல்லாவற்றையும் அண்ணி பார்த்துக்கொள்வாள். இவள் ஒரு குட்டை முக்காலியைப் போட்டு உட்கார்ந்து நாலு சக்கரத்தையும் பார்ப்பாள். ஒன்பது வருஷமாக இப்படித்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கேயோ போய், அண்ணன் முதல் எதிர்க்கடைத் தையல்காரர் வரை எல்லோருக்கும் அவள் ‘சக்கரம்’ ஆகிவிட்டாள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. “சக்கரம் இல்லாம எந்த வண்டி ஓடுது, சொல்லுங்க பார்ப்போம்” என்பாள்.

வயது முப்பத்தேழு. வந்த வரன்கள் இரண்டு. இரண்டு பேரும் கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஈர வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள். அவள் வேலையை விடவில்லை, வரன்களை விட்டாள்.

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் முதல்முறை வந்தபோது அவர் காரைப் பார்த்து அவள் முக்காலியிலேயே வாயைப் பிளந்தாள். சின்ன வெள்ளைக் கார். உடம்பு பால் மாதிரி பளிச்சென்று இருந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் விறகடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி கன்னங்கரேலென்று இருந்தன.

“என்ன சார், வண்டி ஓட்டுறீங்களா, இல்ல பிரேக்கை மட்டும் ஓட்டுறீங்களா?”

“நான் எங்கங்க ஓட்டுறேன்? கத்துக்க வர்றவங்க ஓட்டுறாங்க. பூனை வந்தா பிரேக். பூனை வராட்டி, வந்திடுமோன்னு பிரேக்.”

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு புறங்கையைச் சக்கரத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

“கொதிக்குது. ஆறட்டும். சூட்டோட தண்ணி அடிச்சா உள்ள இருக்கிற பிரேக் தட்டு வளைஞ்சு போகும், கழுவுற மருந்து போட்டா காஞ்சு கறையா நின்னுடும். இருபது நிமிஷமாவது ஆகும். உட்காருங்க.”

வாத்தியார் பெஞ்சில் உட்கார்ந்தார். அன்று தொடங்கியது. செவ்வாயும் வெள்ளியும் பதினொரு மணி அடித்தால் அந்த வெள்ளைக் கார் வாசலில் நிற்கும், முன்சக்கரங்கள் கறுத்திருக்கும், கொதிக்கும். அவை ஆறுகிற வரைக்கும் இவரும் ஆற அமர உட்கார்ந்திருப்பார்.

அந்த இருபது நிமிஷத்தில் எத்தனை கதை! இடது பக்கம் திரும்பச் சொன்னால் வைப்பரைப் போட்டுவிடுகிற வங்கி அதிகாரி. ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிற பல் டாக்டர். வாத்தியார் அவர்களை மாதிரியே நடித்துக் காட்டுவார். ஆனால் ஒருத்தரையும் மட்டம் தட்டிப் பேசமாட்டார். “பயந்துக்கிட்டே கத்துக்கிறாங்க பாருங்க, அதுதான் பெரிய விஷயம்” என்று முடிப்பார். அந்தக் கடைசி வரிக்காகவே அவள் காது கொடுத்துக் கேட்பாள்.

“தனிக்கட்டையாம். விசாரிச்சுட்டேன்” என்றாள் அண்ணி ஒரு நாள், பக்கெட்டில் சோப்பைக் கரைத்துக்கொண்டே.

“யாரு அண்ணி?”

“ம்... எதிர்க்கடைத் தையல்மெஷினு. போடி!”

சக்கரத்துக்கு அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. அவள் கவலை வேறு. பிரேக் பிடிக்கும்போது பேடும் தட்டும் உரசி உதிர்கிற தூளில் பொடிப்பொடியாக இரும்பு இருக்கும். சூட்டில் அது சக்கரத்தின் மேல் வெந்து ஒட்டிக்கொள்ளும். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும், மெல்ல மெல்ல மேல்பூச்சை அரிக்கும். வாரம் இரண்டு தடவை தேய்த்துக் கழுவினால் மட்டும் போதாது. தேய்க்கத் தேய்க்கவும் பூச்சு தேயும்தானே.

“சார், கழுவுறதை விட ஒட்டாம பார்த்துக்கிறதுதான் புத்திசாலித்தனம். ஒரு கோட்டிங் போட்டுடலாம். கண்ணாடி மாதிரி மெல்லிசா மேல நிக்கும். தூசி வந்தாலும் பிடிப்பு இல்லாம வழுக்கிடும். அப்படியே தூசி கம்மியா வர்ற பேடும் மாத்திடுங்க.”

“பார்க்கலாங்க” என்றார் வாத்தியார்.

அடுத்த வாரமும் சொன்னாள். “செய்யலாங்க.” அதற்கடுத்த வாரமும் சொன்னாள். “ஆகட்டுங்க.” நாலு மாதம் இப்படியே ஓடியது. தன் வேலையில் அவருக்கு நம்பிக்கை இல்லையோ என்று அவளுக்குள் ஒரு முள் உறுத்தத் தொடங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை இடது முன்சக்கரத்தைத் துடைத்தபோது விரல் நுனியில் சொரசொரவென்று எதுவோ பட்டது. குனிந்து பார்த்தாள். கடுகு கடுகாக மூன்று புள்ளிகள். தூசி பூச்சை அரிக்க ஆரம்பித்திருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய் பெஞ்சின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“வாத்தியாரே, நாளைக்குக் காலையில வண்டியைக் கொண்டு வந்து விடுறீங்க. கோட்டிங் போடுறோம். முடியாதுன்னா இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. கண்ணு முன்னாடி ஒரு சக்கரம் பாழாப் போறதை என்னால பார்க்க முடியாது.”

வாத்தியார் எழுந்து நின்றார். “சரிங்க” என்றார், பரீட்சைக்குப் போகிற குரலில்.

சனிக்கிழமை காலை வண்டி ஜாக்கியில் ஏறியது. புதுப் பேடுகளை அண்ணன் மாட்டினான். கழற்றிய சக்கரங்களை அவள் வரிசையாகப் படுக்கவைத்துச் சோப்புத் தண்ணீரில் கழுவினாள். பிறகு இரும்புத் தூளைக் கரைக்கிற மருந்தைத் தெளித்தாள். தண்ணீர் மாதிரி இருந்த மருந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோஸாகி, கத்தரிப்பூ நிறமாகி, சந்துபொந்தெல்லாம் வழிந்து ஓடியது.

“ஐயோ, என்னங்க இது, சக்கரத்துக்கு ரத்தம் வருது!” வாத்தியார் பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டார்.

“நாலு மாசம் தள்ளிப்போட்டீங்கல்ல, அழுவுது” என்றாள் அவள். அண்ணன், அண்ணி, வாத்தியார், அவள் நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கழுவித் துடைத்துக் காயவைத்து, எண்ணெய்ப் பிசுக்கு ஒரு சொட்டும் இல்லாமல் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். பிறகு சின்னப் பஞ்சுக் கட்டையில் கோட்டிங்கைச் சொட்டு சொட்டாக விட்டு, உள்பக்கம், வெளிப்பக்கம், நட்டு மாட்டுகிற குழி என்று ஓர் இடம் விடாமல் தடவினாள். ஒரு நிமிஷம் விட்டு மெத்தென்ற துணியால் எடுத்தாள். குழந்தைக்கு மை இடுகிற மாதிரி இருந்தது அந்தக் கை. வாத்தியார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் வந்தது, சாயங்காலமும் வந்தது. ஒரு நாளில் இவ்வளவு குறைவாகப் பேசி அவள் அவரைப் பார்த்ததில்லை.

“ஒரு நாள் முழுக்க ஈரம் படக்கூடாது. அப்புறம் கவலையே இல்லை” என்றாள் பெருமை பொங்க.

“அப்போ செவ்வாய், வெள்ளி...?”

“எதுக்கு? வீட்டு வாசல்லேயே ஒரு வாளித் தண்ணி ஊத்துங்க, போயிடும். ஆறு மாசத்துக்கு இந்தப் பக்கமே நீங்க தலைவச்சுப் படுக்க வேண்டாம்!”

வாத்தியார் தலையை ஆட்டினார். சாவியை வாங்கிக்கொண்டார். வண்டி தெருமுனை திரும்பியதும் அண்ணி ஈரக்கையால் தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டாள்.

“அடிப்பாவி! உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டியேடி!”

“நான் என்ன அண்ணி பண்ணினேன்? வேலையைச் சுத்தமாத்தானே செஞ்சேன்?”

“செஞ்சே. ரொம்பச் சுத்தமாச் செஞ்சே” என்று அண்ணி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவள் கண் தானாக வாசலுக்குப் போனது. வாசலில் யாரும் இல்லை. பதினொன்றரைக்கும் இல்லை. பெஞ்சு ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது. அன்று கழுவிய சக்கரத்தையே மறுபடி கழுவினாள். வெள்ளிக்கிழமையும் அப்படியே போனது. ராத்திரிச் சாப்பாட்டின்போது, “அண்ணி, கோட்டிங் கொஞ்சம் மெல்லிசாப் போட்டிருக்கலாமோ?” என்று கேட்டாள். அண்ணிக்குப் புரை ஏறிவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை. மணி பத்தரை இருக்கும். தெருவில் கிறீச்சென்று ஒரு சத்தம். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கிறீச். பத்து நிமிஷத்தில் மூன்றாவது தடவை. வெள்ளைக் கார் கடை வாசலிலேயே குலுங்கி நின்றது. ஓட்டுநர் கதவு திறந்தது. வண்டி கற்றுக்கொள்ள வந்த மழலையர் பள்ளி டீச்சர் ஒருவர் முகம் சிவக்க இறங்கினார்.

“இங்க சக்கரம் கழுவுறது யாருங்க? நீங்களா? அம்மா, இந்த மனுஷனை என்னன்னு கேளுங்க. இந்த ஊர்ல எத்தனை காலித் தெரு இருக்கு! சடன் பிரேக் பழகணும்னா இந்தக் கடைக்கு வர்ற வழிக்குத்தான் வரணுமாம். நாலு மாசமா எல்லாரையும் இப்படித்தான் கூட்டிட்டு வர்றாராம். நான் மிதிக்கலைன்னா அவர் பக்கத்துல இருக்கிற பிரேக்கை அவரே மிதிக்கிறார்! இன்னைக்கு, ‘இன்னும் கறுப்பாகலையே, இன்னும் கறுப்பாகலையே’ன்னு எட்டிப் பார்த்துப் புலம்புறார். எனக்குப் பயமா இருக்குங்க!”

உள்ளே வாத்தியார் சீட்டோடு சீட்டாகச் சறுக்கிக்கொண்டிருந்தார். முடி மட்டும் தெரிந்தது.

அவளுக்கு முதலில் காது சூடானது. பிறகு கழுத்து. நாலு மாதக் கறுப்பும் ஒரே நொடியில் விளங்கியது. அண்ணி பின்னால் நின்று இருமிக்கொண்டிருந்தாள், இருமலே இல்லாமல்.

அவள் வாத்தியார் பக்கத்துக் கதவைத் திறந்தாள். “இறங்குங்க.”

இறங்கினார்.

“ஒரு நல்ல சக்கரத்துல மூணு புள்ளி விழுந்திருக்கு. உங்களாலதான்.”

“தப்புதாங்க.”

“என்னைப் பார்க்கணும்னா நேரா வந்து பெஞ்சில உட்கார்ந்திருக்கலாம்ல? யாரு வேண்டாம்னா?”

“சும்மா எப்படிங்க வர்றது? ஏதாவது ஒரு காரணம் வேணுமேன்னு...”

“என் கோட்டிங்கைத் தோற்கடிச்சு ஒரு காரணமா? அது நடக்காது” என்றாள். சொல்லும்போதே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை. டீச்சருக்கும் விஷயம் பிடிபட்டுவிட, கோபமெல்லாம் போய் அவரும் பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார்.

“காரணம்தானே வேணும்? நான் தர்றேன்” என்றாள் அவள். “எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கடையில வண்டியை நகர்த்துறதெல்லாம் அண்ணிதான். கத்துக்கொடுங்க.”

கற்றுக்கொள்ளத் தொடங்கினாள். வாத்தியாரின் பிழைப்பிலேயே இப்படி ஒரு மாணவி வந்ததில்லை. மற்றவர்கள் பூனை வருவதற்கு முன்பே பிரேக் பிடிப்பார்கள். இவள் பஸ்ஸே வந்தாலும் பிடிக்கமாட்டாள்.

“பிரேக்! பிரேக்குங்க!”

“தூசி வருமே.”

“வரட்டுங்க, உயிர் போகாம இருக்கட்டும்!”

முன்கூட்டியே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரைக் குறைத்து, வண்டியைத் தானாக மெல்ல அடங்கவிடச் சொல்லிக்கொடுத்தார். அது அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு மற்ற மாணவர்களுக்கும் அவர் அதையே முதல் பாடமாக வைத்தார்.

ஆறாவது வாரம், பெரிய சாலையில் சிவப்பு விளக்கில் நின்றிருந்தார்கள். வாத்தியார் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, “உங்க அண்ணன்கிட்ட வந்து பேசட்டுமா?” என்று கேட்டார்.

அவளும் முன்கண்ணாடியைத்தான் பார்த்தாள். “பேசலாம். ஆனா நான் வேலையை விடமாட்டேன். முன்னாடியே சொல்லிடுறேன்.”

“நீங்க வேலையை விடுறதா இருந்தா, நாலு மாசம் நான் எதுக்குங்க அந்தப் பிரேக்கை மிதிச்சேன்?”

விளக்கு பச்சையானது. அவள் கிளட்சை விட்ட வேகத்தில் வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோனது. பின்னால் ஏழெட்டு ஹாரன்கள் ஒன்றாக அலறின. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், வண்டியை மறுபடி கிளப்பவே இன்னொரு சிவப்பு விளக்கு ஆகிவிட்டது.

கடைக்கு வந்து சேர்ந்தபோது அண்ணி ஒரு வேனுக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள், அவ்வளவுதான். பக்கெட்டை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, நுரை வழிகிற இரண்டு கைகளாலும் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வாத்தியாரின் இஸ்திரி போட்ட சட்டை தொப்பலாக நனைந்தது.

“ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க!” என்று உள்ளே இருந்த அண்ணனுக்குக் குரல் கொடுத்தாள் அண்ணி. “மாப்பிள்ளைக்குத் துடைக்க ஒரு துண்டு எடுத்துட்டு வாங்க!”