கொன்ஸ்ரன்ஸின் சாட்சி

றேமண்ட் ஒவ்வொரு மாதமும் முதல் கிழமையில் கண்ணுக்கு விடும் துளி மருந்து வாங்க வருவார். இந்த மாதமும் வந்தார். பனடோல் குளிசை ஒரு கார்ட் மட்டும் கேட்டார்.

"அங்கிள், துளி மருந்து முடிஞ்சிருக்குமே?" என்றாள் தாரிகா. கொட்டாஞ்சேனையில் அந்தப் பாமசியில் அவள் மருந்தாளராகச் சேர்ந்து இரண்டு வருடம். யார் வீட்டில் எந்தப் போத்தல் எப்போது தீரும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"அதை விட்டுட்டன் பிள்ளை."

"ஆர் விடச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. உங்கட அம்மா செபக்கூட்டத்தில சாட்சி சொன்னவ எல்லோ. கண்ணுக்குக் காவலான புனித லூசியம்மா சுகம் தந்திட்டா, இப்ப மருந்தே இல்லை எண்டு. கொன்ஸ்ரன்ஸ் அக்காவை விட எனக்கென்ன விசுவாசம் குறைவா?"

அம்மா தன் கண் மருந்தை விட்டது தாரிகாவுக்கே புதுச் செய்தி. றேமண்டுக்கு இதே வியாதியில் வலது கண் போய் ஆறு வருடமாகிறது.

"எத்தனை நாள்?"

"இருபது நாளிருக்கும். பார்வையில ஒரு வித்தியாசமுமில்லை."

இந்தக் கண் அழுத்த வியாதியின் கள்ளத்தனமே அதுதான். நோகாது, சிவக்காது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். தின்றது திரும்பி வராது.

"மருந்து போட்டதாலதான் அழுத்தம் இறங்கி நிக்குது. நிப்பாட்டினா ஏறும்," என்றாள். "மிச்சம் இருக்கிறது ஒரு கண், அங்கிள்."

"லூசியம்மாவுக்கும் பாடம் எடுப்பீர் போல," என்று சிரித்துவிட்டு, பனடோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வேலை முடிந்து கிளம்பும்போது, அவருடைய மருந்தில் ஒரு போத்தலைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் கொன்ஸ்ரன்ஸ், கோயிலில் முதல் நன்மை வாங்கப்போகும் பிள்ளையின் சட்டை ஒன்றுக்கு மெசினில் லேஸ் தைத்துக்கொண்டிருந்தாள். தாரிகா நேரே போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். கறிச் சட்டிக்குப் பின்னால் மூன்று போத்தல்கள், மூன்றும் சீல் உடைக்காதவை. மாதாமாதம் அவளே கொண்டுவந்து கொடுத்தவை. ஊருக்கெல்லாம் மருந்து விளங்கப்படுத்துகிறவள் சொந்த வீட்டு ஃபிரிட்ஜைப் பார்க்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"இது என்னம்மா?"

"முதல்ல ஃபிரிட்ஜை மூடு, குளிர் போகுது." மெசின் நிற்கவில்லை. "கிளினிக்கில முந்தி அழுத்தம் இருபத்தெட்டு. பிறகு பாத்தா பதினஞ்சு. நல்லா இருக்கு எண்டு டொக்டரே சொன்னவர்."

"நல்லா இருக்கு, விடாமப் போடுங்க எண்டவர். நானும்தானே பக்கத்தில நிண்டனான்."

"நேர்த்தி வைச்சுக் கேட்டது கிடைச்சிருக்கு. பிறகும் மருந்து போட்டா அது அந்தத் தாயை நம்பாத மாதிரி. உனக்கு கம்பஸில இதெல்லாம் படிப்பிக்கேல்ல."

குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு வீட்டில் மரியாதை கிடைக்கும் என்பது யாரோ கட்டிவிட்ட கதை. கரண்ட் பில் ஒன்லைனில் கட்டவும் பக்கத்து வீட்டுப் பாட்டாவின் கடிதத்தை வாசிக்கவும் பட்டம் வேண்டும். மற்றபடி வாயை மூடு. சொல்வதற்கு தாரிகாவிடம் நாக்கு நுனியில் நிறையவே இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு ஒன்றை மட்டும் சொன்னாள்.

"றேமண்ட் அங்கிளும் விட்டுட்டார்."

மெசின் நின்றது.

"அந்த மனுசனுக்கு ஒரு கண்தானே இருக்கு."

"ஓம்."

"நான் அவரை விடச் சொல்லேல்லையே."

"சாட்சி சொன்னீங்க."

கொன்ஸ்ரன்ஸ் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடித்தாள், திரும்ப விரித்தாள், திரும்ப மடித்தாள். பிறகு எழுந்து செருப்பைத் தேடினாள்.

"அவரிட்ட மருந்து இருக்குமோ?"

"நான் கொண்டுவந்திருக்கிறன்."

"அப்ப என்ரையும் ஒண்டு எடு."

றேமண்டின் ஃபிளாட் இரண்டு மாடி கீழே. கதவைத் திறந்தவர் அவர்களையும் போத்தல்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அண்டைக்கு அவ்வளவு சனத்துக்கு முன்னால சொன்னது பொய்யா, அக்கா?"

கொன்ஸ்ரன்ஸின் முகம் சுருங்கியது. தாரிகா வாயைத் திறக்கப் போனாள். அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"பொய்யில்லை. அரைவாசிதான் சொன்னனான். மருந்து போட்டுக்கொண்டிருக்கேக்கதான் அழுத்தம் குறைஞ்சது, அதைச் சொல்லாம விட்டுட்டன். வாற வியாழக்கிழமை எழும்பிச் சொல்லுவன்."

"சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீர் கண் திறந்து பாத்துக்கொண்டிரும், அது போதும்."

அவளே முதலில் கதிரையில் உட்கார்ந்து அண்ணாந்தாள். கீழ் இமையை இழுத்துப் பிடித்து, கண்ணுக்கு ஒரு துளி விட்டாள் தாரிகா. "மூடுங்க. மூக்குப் பக்க மூலையை விரலால அமத்துங்க. மருந்து தொண்டைக்கு இறங்கக் கூடாது, ரெண்டு நிமிசம்."

றேமண்ட் மற்றக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இருபது நாளில ஏதும் போயிருக்குமோ, பிள்ளை?"

"தெரியாது, அங்கிள். நாளைக்குக் கண் ஆஸ்பத்திரியில அளந்து பாத்தாத்தான் தெரியும். ரெண்டு பேரும் வாறீங்க."

"எத்தனை மணிக்கு?"

"ஆறுக்கே கியூ நிக்கும். கிளினிக் கொப்பியை எடுத்து வையுங்க. இப்ப அண்ணாந்து பாருங்க."

அவர் அண்ணாந்தார்.