கீழத்திட்டுக்கு வராத போன்

பட்டாளத்துக்காரர் ஒருநாள் ரிட்டையர் ஆகிவிடுவார். அவர் பெண்டாட்டி ஆகமாட்டாள். ஜெயங்கொண்டத்துப் புவனேஸ்வரி வீட்டுக்கு ஒருமுறை போய் வந்தவர்களுக்கு இது தெரியும். அவள் புருஷன் வீரமணி ஹவில்தாராக இருந்து ஊர் திரும்பி வெகுகாலமாகிறது. கைலியைக் கட்டிக்கொண்டு முந்திரித் தோப்பே கதி என்று கிடக்கிறார். இவளோ இன்னமும் விடியுமுன் எழுந்து, கட்டில் விரிப்பின் நாலு மூலையையும் இழுத்து மடித்துச் செருகிவிட்டுத்தான் காபிக்குப் பால் வைப்பாள். அம்பாலா ராணுவக் குவார்ட்டர்ஸில் பிடித்த வியாதி அது.

இப்படிப்பட்டவளைப் பெரம்பலூர், அரியலூர் முன்னாள் படைவீரர் குடும்பச் சங்கத்துக்குச் செயலாளராகப் போட்டால் என்ன ஆகும்? சங்கமே ஒரு பட்டாளமாகிவிட்டது. புயல், வெள்ளம் என்றால் யார் என்ன செய்வது என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்தாள். பட்டாளத்து வீடு ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி இருக்கும். வெள்ளை பெயிண்டில் பெயரும் நம்பரும் எழுதி, புருஷனோடு ஊர் ஊராகச் சுற்றி நசுங்கிய பெட்டி. பழைய போர்வை போட்டு வைத்திருந்த அந்தப் பெட்டிகளை எல்லாம் காலி செய்யச் சொல்லி, அரிசி, மாத்திரை, டார்ச், கயிறு என்று நிரப்ப வைத்தாள். காலி எண்ணெய் கேன்களைச் சேர்த்துக் கட்டி மிதவை செய்யச் சொல்லிக் கொடுத்தாள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து ஒத்திகையும் நடந்தது. மிதவையைக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்த பெண்களைப் பார்த்துச் சமையல்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் அசரவில்லை.

அவளுக்கு எல்லாவற்றிலும் பெருமை போன் வரிசைதான். செய்தி முதலில் தலைவருக்கு வரும். தலைவர் சாகுல் ஹமீது, ரிட்டையர்டு சுபேதார், லப்பைக்குடிக்காட்டுக்காரர். ஊரே துபாய்க்கும் குவைத்துக்கும் கப்பலேறிய காலத்தில் காஷ்மீருக்கு ரயிலேறிய மனிதர். அவர் அடுத்த பதவிக்காரர் வீட்டுக்குச் சொல்ல, நாயப் சுபேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய் என்று செய்தி படி இறங்கும். கேட்டவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி, ஜெய்ஹிந்த் சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும். நடுவில் யாரையும் தாண்டிப் பேசக் கூடாது. போன் வராமல் யாரும் வீட்டை விட்டு நகரவும் கூடாது.

கடைசி விதியை அவள் சும்மா போடவில்லை. முந்தின புயலின்போது ஏரி உடைந்துவிட்டதென்று யாரோ கிளப்பிவிட்டு, மழையில் குழந்தை குட்டிகளோடு ஓடிய குடும்பங்களில் ஒருத்தி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். ஏரி அதுபாட்டுக்கு இருந்தது. அதிலிருந்துதான் இந்தக் கண்டிப்பு. நல்ல விதிதான், யாரும் குறை சொல்ல முடியாது.

வரிசையின் கடைசிப் பெயர் ஆர்த்தி. சிப்பாய் மகேஷின் மனைவி. வடக்கே மலையுச்சிக் காவலில் பனி சரிந்து மகேஷ் போன பிறகு, பக்கவாதம் வந்த மாமனார் செல்லக்கண்ணுவையும் சின்னப் பெண் குழந்தையையும் வைத்துக்கொண்டு கீழத்திட்டில் இருந்தாள். மீன்சுருட்டிக்குத் தெற்கே, கொள்ளிடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் திட்டு அது. தண்ணீர் வந்தால் முதலில் அவள் வாசலைத்தான் தொடும். சங்கத்தின் போன் கடைசியில்தான் அவளைத் தொடும். இத்தனை ஒத்திகை நடந்தும் இது ஒருவர் கண்ணிலும் படவில்லை. பதவி வாரியாகப் பந்தியில் உட்கார்ந்தே பழகிய கூட்டத்துக்கு எப்படிப் படும்?

அந்த ஆவணியில் அரியலூர்ப் பக்கம் பொட்டு மழை இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. மேட்டூர் நிரம்பி, முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திறந்துவிட்டார்கள் என்று காலையில் டிவியில் ஓடியது. புவனேஸ்வரி பெட்டியை வாசலுக்கு இழுத்து வைத்துவிட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்தாள். போன் வரவில்லை.

"ஆர்த்திக்கு ஒரு வார்த்தை சொல்லிப்புடேன்" என்றார் வீரமணி.

"நானே தாண்டிப் பேசுனா நாளைக்கு யாரு மதிப்பா? வரும், இருங்க."

வந்தது, பொழுது உச்சிக்கு ஏறிய பிறகு. வேப்பந்தட்டை நாயப் சுபேதார் வீட்டம்மா போனை வீட்டில் வைத்துவிட்டு மக்காச்சோளக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாளாம். மலையடிவாரத்தில் குடிக்கிற தண்ணிக்கே திண்டாடுகிறவளுக்கு வெள்ளத்தின் நினைப்பு எங்கிருந்து வரும்? தலைவர் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாரே தவிர, அவரும் தாண்டவில்லை. விதி விதிதானே.

புவனேஸ்வரி செய்தியைத் திருப்பிச் சொன்னாள், ஜெய்ஹிந்த் சொன்னாள், தனக்கு அடுத்த வீட்டுக்குத் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் மீன்சுருட்டியிலிருந்து ரிட்டையர்டு நாயக் அரியமுத்து கூப்பிட்டார்.

"ஆர்த்திக்குப் போகமாட்டேங்குதும்மா. ஆத்தோரம் பூரா கரண்ட்டை நிறுத்திட்டாங்க. டவரு செத்துப் போச்சு."

அவளே போட்டுப் பார்த்தாள். எதிர்முனையில் ஒன்றுமில்லை. காலையில் இதே விரல் இந்த நம்பரை அழுத்தியிருந்தால் மணி அடித்திருக்கும்.

"வண்டியை எடுங்க" என்றாள். வீரமணி சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினார்.

கீழத்திட்டுக்குப் போகும் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் காவி நிறத்தில் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. அரியமுத்து டிராக்டரோடு முன்பே வந்து நின்றார். கரையில் ஊர்த் தலையாரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"காலையிலேயே மைக் வச்சுச் சொல்லி எல்லாரையும் வேன்ல ஏத்தி முகாமுக்கு அனுப்பிட்டோங்க. அந்த ஒரு வூடு மட்டும்தான் வரலை. கெஞ்சிப் பார்த்தோம். சங்கத்துலேருந்து போன் வரணும், வராம நகரக் கூடாதுன்னு சொல்லிடுச்சு அந்தப் பொண்ணு. படகு வர சாயங்காலம் ஆகுமாம்."

வேன் வாசலுக்கு வந்திருக்கிறது. ஊரே ஏறிப் போயிருக்கிறது. ஒருத்தி மட்டும் புவனேஸ்வரியின் பேச்சை மதித்து உட்கார்ந்திருக்கிறாள். யாரை நொந்துகொள்வது? அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் யார் உள்ளே போவது என்று வண்டியிலிருந்த மிதவையை எடுத்து மார்பில் கட்ட ஆரம்பித்தாள்.

"நீ கரையில நில்லு. நானும் அரியமுத்தும் போறோம்" என்றார் வீரமணி.

"நான் போட்ட ரூலுங்க. நான் போயிதான் எடுக்கணும். நீங்க கயிறைப் பாருங்க."

பாலத்தோரப் புளியமரத்தில் கயிற்றைச் சுற்றி, ஒரு முனையை டிரெய்லரில் கட்டி, மற்றதை வீரமணியும் தலையாரியும் இன்னும் நாலு பேரும் பிடித்துக்கொண்டு விட்டு விட்டுக் கொடுத்தார்கள். ஒத்திகையில் சமையல்காரர்கள் சிரித்த அதே வேலை. அரியமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு டிராக்டரை இறக்கினார். நடுப்பாலத்தில் பின்சக்கரம் ஓரத்துக்குச் சறுக்கியது. கரையில் "இழு" என்று வீரமணி போட்ட சத்தம் ஆற்றுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கயிறு விறைத்தது, சக்கரம் நின்றது. அரியமுத்து குலசாமி பேரைச் சொல்லிக்கொண்டே கியரை மாற்றினார்.

ஆர்த்தியின் வீடு ஒற்றை அறைக் காங்கிரீட் வீடு. உள்ளே முழங்காலுக்குத் தண்ணீர். கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கி மாமனாரைப் படுக்க வைத்திருந்தாள். மகேஷின் பெயர் எழுதிய கறுப்புப் பெட்டியின் மேல், மடியில் குழந்தையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் போன். குழந்தைக்கு மிதவைகூடக் கட்டியிருந்தாள். ஒத்திகையில் சொன்னது ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

புவனேஸ்வரியைக் கண்டதும் எழுந்து நின்றாள். "ஆர்டர் வந்துடுச்சாக்கா?"

புவனேஸ்வரி தண்ணீரை விலக்கிக்கொண்டு அவளருகே போனாள்.

"வந்துடுச்சும்மா. கிளம்பு."

"கீழத்திட்டு கிளம்புறோம். ஜெய்ஹிந்த்" என்று வரிசைப்படி திருப்பிச் சொன்னாள் ஆர்த்தி. அப்புறம்தான் கையிலிருந்த போனை இடுப்பில் செருகினாள்.

"தண்ணி உள்ள வந்துச்சேடி. குழந்தையைத் தூக்கிட்டு ஓடியிருக்கலாமே?"

"அவரு மட்டும் ஓடினாராக்கா?" என்றாள் ஆர்த்தி. "அன்னிக்குக் காலையிலேயே பனி சரியப் போற மாதிரிதான் இருந்துச்சாம். ஆர்டர் வரலைன்னு போஸ்ட்டுலயே நின்னாரு. நான் பாதியில எந்திரிச்சு வந்துட்டா அவரு நின்னதுக்கு என்ன மரியாதை?"

புவனேஸ்வரி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கிழவரைக் கட்டிலோடு தூக்கி டிரெய்லரில் ஏற்றினார்கள். அவர் சரியாக வராத வாயால் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். பெட்டியை விட்டுவிடலாம் என்று அரியமுத்து சொன்னதற்கு இரண்டு பெண்களும் ஒரே குரலில் கூடாது என்றார்கள். திரும்பும்போது பாலம் கண்ணுக்கே தெரியவில்லை. கயிறுதான் வழி காட்டியது. கரையேறியதும் வீரமணியின் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்ததைப் பார்த்து, அதுவரை அடக்கி வைத்திருந்ததை எல்லாம் புவனேஸ்வரி அங்கேயே அழுது தீர்த்தாள்.

அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்து, வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்றாள். ஆற்றங்கரை வீட்டிலிருந்து போன் கிளம்பி மேலே போகட்டும் என்றாள். கூட்டம் சலசலத்தது. சுபேதார் வீட்டுக்குக் கடைசியில் செய்தி போவதா, சிப்பாய் வீட்டிலிருந்து ஆர்டர் வருவதா என்று முன்வரிசையில் முனகல்.

"பார்டர்ல எதிரியை முதல்ல பார்க்கிறது யாருங்க? காவலுக்கு நிக்கிற சிப்பாயா, டெல்லியில உக்காந்திருக்கிற ஜெனரலா?" புவனேஸ்வரியின் குரல் ஏறிவிட்டது. "சுடலாமான்னு டெல்லிக்குப் போன் போட்டுக் கேட்டுட்டா நிப்பான் அவன்? அந்தப் புள்ள முழங்கால் தண்ணியில ஆர்டருக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருந்தா. நான் பார்த்தேன். நீங்க யாரும் பார்க்கல."

சாகுல் ஹமீது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல இது எனக்குத் தோணாமப் போச்சே, யா அல்லாஹ்" என்றார். "எம் பேரைக் கடைசியில எழுதுங்கம்மா." அப்புறம் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "ஆர்த்தி, காலு நனைஞ்சா முதல்ல நீ கிளம்பணும். அப்புறம்தான் எங்களுக்குப் போன். புரிஞ்சுதா?"

ஆர்த்தி சரி என்றாளே தவிர, அவள் முகத்தில் தெளிவில்லை. போஸ்ட்டை விட்டு நகர்வது அவ்வளவு லேசில் வருமா அவளுக்கு? புவனேஸ்வரிக்கு அந்த முகம் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஐப்பசியில் மறுபடி திறந்துவிட்டார்கள். இந்தத் தடவை டிவியில் செய்தி வருவதற்கு முன்பே புவனேஸ்வரியின் போன் அடித்தது. தோசைக் கரண்டியோடு ஓடி வந்து எடுத்தாள். பின்னால் அரியமுத்துவின் டிராக்டர் சத்தம், குழந்தையின் சத்தம், கிழவர் யாரையோ அதட்டும் சத்தம்.

"கீழத்திட்டுலேருந்து ஆர்த்தி பேசுறேன். தண்ணி ஏறுது. நாங்க கிளம்பிட்டோம். மேல சொல்லுங்க."

புவனேஸ்வரி அடுப்பங்கரையில் விறைப்பாக நின்று, ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்லி, ஜெய்ஹிந்த் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். தோசை கருகிக்கொண்டிருந்தது.

"யாரைக் கேட்டுக்கிட்டுக் கிளம்புனா?" என்றார் வாசலிலிருந்து வீரமணி.

"யாரையும் கேக்கலைங்க" என்றாள் புவனேஸ்வரி. "யாரையும் கேக்கல."