நீலப் பின்னணி

ஒன்பது மீட்டர் ஆழத்தில் ரேலீன் பொத்தானை அழுத்தினாள். திரை கறுப்பாக இருந்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடியும் கறுப்பு. அப்புறம்தான் உறைத்தது: லென்ஸின் மூடியைக் கழற்றாமலே கேமராவைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தண்ணீருக்குள் பெட்டியைத் திறக்க முடியாது. எதிரே ஒரு பெரிய கணவாய் மீன், ஸ்டூடியோவில் உட்கார்ந்த கல்யாண மாப்பிள்ளை மாதிரி நகராமல் நின்று, நிறம் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தது. ஐம்பது நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கரையேறினாள்.

அன்றிலிருந்து முக்குளிப்புச் சங்கத்தில் அவளுக்கு ‘மூடி’ என்று பெயர் விழுந்துவிட்டது. அடிலெய்டின் தெற்கு முனையில் இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பத்து நான்கு வயதில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முங்கப் போகிறேன் என்றபோது அவள் தங்கை, “உன் உடம்புக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்” என்றாள். அதற்காகவே போனாள் என்றுகூடச் சொல்லலாம். போன பிறகு விட முடியவில்லை. நாளெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாராவது மணி அடித்து நிறுத்தச் சொல்கிற பிழைப்பு அவளுக்கு. மணி இல்லாத ஒரே இடம் ரேபிட் பே துறைப்பாலத்துக்கு அடியில் இருந்தது.

படமெடுக்கக் கற்றுக்கொடுத்தவர் க்ளைவ். சங்கத்தின் தலைவர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர், பதினோரு வருடம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கியவர். குறை சொல்லக்கூடாது, நன்றாகத்தான் கற்றுக்கொடுத்தார். பெட்டியின் ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு தலைமுடி மாட்டினாலும் கேமரா உப்புத் தண்ணீரில் ஊறிப்போகும் என்பதையும், ஃபிளாஷை லென்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்தால் தண்ணீரில் மிதக்கும் தூசியெல்லாம் பனி பெய்கிற மாதிரி விழும் என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டாள். அவளுடைய முதல் நூறு படங்களிலும் பனிதான். கையால் துழாவாமல், மூச்சை இழுத்தால் ஒரு சாண் ஏறி, விட்டால் ஒரு சாண் இறங்கி அந்தரத்தில் நிற்கப் பழக எட்டு மாதம் ஆயிற்று. சிவப்பு விளக்கில் பேருந்தை நிறுத்திவிட்டு மூச்சை எண்ணிப் பழகினாள். பச்சை விழுந்தும் நகரவில்லை என்று பின்னால் வருகிற காரோட்டிகள் ஹாரனில் திட்டினார்கள், திட்டட்டும்.

ஆனாலும் போட்டியில் அவள் படங்களுக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண்ணுக்கு மேல் விழாது. “பின்னால ஒரே குப்பையா இருக்கு மூடி” என்பார் க்ளைவ். குப்பை என்றால் கடற்புல். அவர் படங்களில் குப்பையே இருக்காது. இலையன் என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிடுகிற இலை டிராகன், உடம்பெல்லாம் இலை முளைத்த கடல்குதிரை மாதிரி இருக்குமே, அது அவர் படத்தில் மட்டும் சுத்தமான நீலத்தில் தனியாக நிற்கும். புல்லோடு புல்லாக மறைந்து வாழ்கிற பிராணி அவரைக் கண்டால் மட்டும் எதற்காக வெட்டவெளிக்கு வருகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. ரேலீனும் கேட்கவில்லை. கொடுத்துவைத்தவர் என்றுதான் நினைத்தாள்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை க்ளைவ் முங்குவதற்கு அவளைத் தன் ஜோடியாகச் சேர்த்துக்கொண்டார். புல்லுக்குள் ஓர் இலையன் நின்றது. ஆண். வாலடியில் பெண் ஒட்டிவிட்டுப் போன முட்டைகள் செக்கச்செவேலென்று. இந்த இனத்தில் சுமக்கிறவன் அப்பன்தான். க்ளைவ் அவளைக் கீழே போய் மேல்நோக்கி எடுக்கும்படி சைகை காட்டினார். பிறகு உள்ளங்கையை விரித்து, இலையனுக்கு அடியில் தண்ணீரை மெல்ல மெல்லத் தள்ளினார். அது தன் கண்ணாடித் துடுப்பை அடித்துக்கொண்டு விலகப் பார்த்தது. எந்தப் பக்கம் விலகினாலும் அந்தப் பக்கம் கை வந்தது. மேலே போவதைத் தவிர வழியில்லை. ஒன்பது மீட்டரிலிருந்து நாலு மீட்டருக்குப் போயிற்று. பின்னால் முழு நீலம், நடுவில் வெயில். ரேலீனின் விரல் தானாகவே அழுத்தியது. அழுத்தியதுதான் அவளால் இன்றுவரை தாங்க முடியாதது.

அதற்கப்புறம் இலையனால் இறங்க முடியவில்லை. தலை சாய்ந்து, வால் மேலே தூக்கி, அந்த உயரத்திலேயே கிடந்து தத்தளித்தது. சட்டென்று மேலும் கீழும் போய்வர அதன் உடம்பு படைக்கப்படவில்லை. இதையும் க்ளைவ்தான் ஒருநாள் வகுப்பில் சொல்லியிருந்தார். ரேலீன் பக்கத்திலேயே நின்றாள். சிலிண்டரில் காற்று தீர்ந்துகொண்டு வந்தது. அது இறங்கியதா இல்லையா என்று தெரியாமலே மேலே வர வேண்டியதாயிற்று.

கார்கள் நிற்கிற இடத்தில் க்ளைவ் ரொட்டியில் சாசேஜை வைத்துத் தின்றுகொண்டே அவள் கேமராவை வாங்கிப் பார்த்தார். விசில் அடித்தார்.

“அடியாத்தீ! மூடி, இது பத்துக்குப் பத்து. என்கிட்டகூட இப்படி ஒண்ணு இல்ல.”

“உங்க கை விழுந்திருக்கு.”

“அட, அது ஓரமாத்தான இருக்கு? வெட்டிட்டாப் போச்சு. இந்த வருஷக் கோப்பை உனக்குத்தான்.”

“அது கீழ எறங்கவே இல்ல க்ளைவ். நான் பார்த்தேன்.”

“எறங்கியிருக்கும்.” வாயைத் துடைத்துக்கொண்டார். “இங்க பாரு, நான் அதைத் தொட்டேனா? தொடக்கூடாதுன்னுதான் சட்டம். அதுக்கு வழி காட்டினேன், அவ்வளவுதான்.”

படத்தை வெட்ட அவளுக்கு ஒரு வாரம் இருந்தது. அரை நிமிட வேலை. ஒருமுறை வெட்டியும் பார்த்தாள். கை போனதும் இலையன் ஏதோ பரலோகத்தில் பறப்பது போல அழகாக இருந்தது. ரேலீனுக்கு அந்தக் கோப்பை வேண்டும், வேண்டாம் என்று சொன்னால் பொய். கோப்பையைவிட அவளுக்கு வேண்டியது ஒரு ஜோடி. ஜோடி இல்லாமல் சிலிண்டரோடு இறங்கச் சங்கத்தில் அனுமதி இல்லை, க்ளைவை மீறி அவளோடு இறங்க ஆளும் கிடையாது. வெட்டாவிட்டால் தண்ணீர் போச்சு. இது தெளிவாகத் தெரிந்தும், வெட்டியதை அழித்துவிட்டுக் கையோடு இருந்த படத்தையே அனுப்பினாள்.

சனிக்கிழமை மதியம் சங்கத்தின் தகரக் கொட்டகையில் போட்டி. கணினியை இயக்குகிற பெவ் அந்தப் படம் வந்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டாள். சுவர் முழுக்க நீலம். நடுவில் இலையன், வாலில் முட்டைகள். அடியில் கறுப்புக் கையுறை போட்ட ஒரு கை, மஞ்சள் பட்டையோடு. மஞ்சள் பட்டைக் கையுறை யாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருடத்துப் பரிசுப் படங்கள் சுற்றிலும் சுவரில் தொங்கின, எல்லாவற்றிலும் பின்னால் நீலம். சிலர் திரும்பி அவற்றைப் பார்த்தார்கள்.

“அடுத்தது போடு பெவ்” என்றார் க்ளைவ்.

“போடாதே” என்றாள் ரேலீன்.

“ஏம்மா, உனக்கு எதுக்கு வேண்டாத வேலை?” பெவ் முணுமுணுத்தாள்.

“மூடி, தெரியாமத்தான் கேக்கறேன். இந்தப் படத்தை எடுத்தது யாரு? நீதான? நான் உன் கையப் பிடிச்சு அழுத்தினேனா?” என்றார் க்ளைவ்.

கொட்டகையில் ரெண்டு பேர் சிரித்தார்கள். ரேலீனுக்குக் காது சுட்டது. இருக்கையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

“நான்தான் எடுத்தேன். அதனாலதான் போட்டேன். என் கையும் அதுல இருக்கு, உன் கையும் இருக்கு. உன்னோடது மட்டும் தெரியுது, அவ்வளவுதான் வித்தியாசம். தொடலன்னு சொன்னியே, இப்ப எல்லாரையும் வச்சுக்கிட்டு சொல்லு.”

அவளுடைய ‘நீ’ க்ளைவின் முகத்தில் இறங்கியிருந்தது. “நாளைக்கு உனக்கு வேற ஜோடி பாத்துக்க” என்றார். மறுநாள் யார் யாரோடு இறங்குவது என்று பெயர்களை இரண்டிரண்டாக எழுதும் கரும்பலகையில் ரேலீன் என்ற பெயர் கடைசியில் தனியாக நின்றது. மதிப்பெண் தாளில் அவள் படத்துக்கு எதிரே கோடு.

மறுநாள் காலை ஒருவரும் அவள் வருவாள் என்று நினைக்கவில்லை. வந்தாள். சிலிண்டர் இல்லை. உடம்பை ஒட்டிய ரப்பர் உடை, முகக்கண்ணாடி, மூச்சுக்குழல், கீழே இறங்குவதற்கு இடுப்பில் ரெண்டு ஈயக்கட்டி, கையில் கேமரா. மேலே மிதந்துகொண்டு பார்க்க எந்தச் சங்கத்திலும் ஜோடி கேட்பதில்லை. நீண்ட பாலத்தில் சுமையோடு நடந்துகொண்டிருந்தவர்களை, “காலை வணக்கம்” சொல்லிக்கொண்டே கடந்துபோனாள். பதில் சொன்னது பெவ் மட்டும்தான், அதுவும் தரையைப் பார்த்தபடி.

படியில் இறங்கிக் குப்புற மிதந்தாள். தண்ணீர் தெளிந்து கிடந்தது, அடிமண்ணில் தூண்களின் நிழல்வரை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கீழே குமிழிகள். க்ளைவும், போன மாதம் சேர்ந்த ஒரு புதுப் பெண்ணும். அந்தப் பெண் கேமராவை அணைத்துக்கொண்டு புல்லருகே மண்டிபோட்டிருந்தாள், கற்றுக்கொள்கிற ஆசை அவள் முதுகிலேயே தெரிந்தது. மஞ்சள் பட்டைக் கை விரிந்தது. புல்லிலிருந்து இலையன் ஒன்று பிரிந்து எழுந்தது. அன்றைக்குப் பார்த்ததுதானா, வேறா என்று அவ்வளவு உயரத்திலிருந்து சொல்ல முடியாது.

ரேலீன் மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு தலைகீழாக இறங்கினாள். காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதி விடுவித்துக்கொண்டாள். மூன்று மீட்டர், நாலு. கேமராவை நேராக அந்தக் கையை நோக்கித் திருப்பி அழுத்தினாள். ஃபிளாஷ் வெடித்ததும் கீழே இருந்த இரண்டு முகங்களும் நிமிர்ந்தன. நெஞ்சு எரியத் தொடங்கியது. மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு மறுபடி இறங்கினாள், மறுபடி அழுத்தினாள். மூன்றாம் முறை இறங்கியபோது கை இன்னும் விரிந்தபடியே இருந்தது, ஆனால் தண்ணீரைத் தள்ளவில்லை. அந்தப் புதுப் பெண் தன் கேமராவைத் தாழ்த்திவிட்டு க்ளைவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலையன் கைக்கும் புல்லுக்கும் நடுவில், துடுப்பை மட்டும் அடித்துக்கொண்டு, எந்தப் பக்கமும் போகாமல் நின்றது.